குளிர்நாளில் வீட்டோடு தங்கும் நண்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியே குளிர். நெருங்கிய நண்பர் மூன்று நான்கு நாள் தங்க வருகிறார். எங்கும் சுற்றிப் பார்க்கும் உத்தேசம் இருவருக்கும் இல்லை. இப்படி ஒரு வருகைக்கு முன்னும் நடுவிலும் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சும்மா இருக்கத்தானே வருகிறார், அதற்கும் திட்டம் போட வேண்டுமா?

திட்டம் வேண்டாம், ஏற்பாடு வேண்டும். பத்து மணிக்கு இது, பதினொன்றுக்கு அது என்று அட்டவணை போட்டால் வந்தவர் அதற்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருப்பார். ஏற்பாடே இல்லையென்றாலோ, வீட்டுக்காரர் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போர்வை தேடுவார், பால் தீர்ந்துவிட்டதென்று செருப்பை மாட்டுவார், துண்டு எங்கே என்று அலமாரியைக் குடைவார். இந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவரால் நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார முடியாது. "என்னால்தானே இவ்வளவு பாடு" என்று உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஆகவே அவர் வருவதற்கு முந்தைய நாளே மளிகை, மருந்து, துவைத்த துணி எல்லாம் முடிந்திருக்கட்டும். அதன்பின் நாளுக்கு மூன்று முளை அடித்தால் போதும்: காலையில் ஒன்றாக ஏதாவது சூடாகக் குடிப்பது, நடுப்பகலில் சற்று நேரம் வெளிச்சத்தில் இருப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருவது. இடைப்பட்ட நேரம் யாருடையதும் அல்ல. முதல் நாளில் அதுவும்கூட அதிகம். பயணக் களைப்பில் வருபவரைப் படுக்க விடுங்கள்.

முன்கூட்டியே அவரிடம் என்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

நான்கே கேள்விகள். எத்தனை மணிக்கு எழுவீர்கள்? என்ன சாப்பிட மாட்டீர்கள்? படுக்கையில் குளிர் தாங்குமா? தூசி, கம்பளி, வளர்ப்புப் பிராணி ஒவ்வாமை உண்டா? "என்ன பிடிக்கும்" என்று கேட்டால் "எதுவானாலும் சரி" என்பார். "எது வேண்டாம்" என்று கேட்டால்தான் பதில் வரும். கம்பளி பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். கழுத்தில் கம்பளி பட்டால் அரிப்பெடுப்பவர்கள் நிறையப் பேர். வாய்விட்டுச் சொல்லாமல் இரவெல்லாம் போர்வையை விலக்கிவிட்டு நடுங்குவார்கள்.

வீட்டுக்குள் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டு வசதி வழிகாட்டுதலில் குளிர்காலத்துக்குக் குறைந்தபட்சம் 18 டிகிரி செல்சியஸ் என்று சொல்கிறது. முதியவர், குழந்தை, நோயாளி இருந்தால் அதற்கு மேலே வைக்க வேண்டும். அசையாமல் உட்கார்ந்து பேசவும் படிக்கவும் 20 முதல் 22 வரை சுகமாக இருக்கும். தூங்கும் அறை 18-ஐ ஒட்டி இருந்தால் நல்ல தூக்கம்.

ஆனால் தெர்மாமீட்டர் சொல்வது பாதிக் கதைதான். நீங்கள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறீர்கள், உங்களுக்கு உடம்பு சூடாக இருக்கும். அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அதே அறையில் அவருக்குக் கை கால் சில்லிட்டுப் போகும். "எனக்குக் குளிரவில்லையே" என்பதை வைத்து அவருக்கும் குளிராது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, நாற்காலி போட்டிருக்கும் இடம். அறைக் காற்று 20 டிகிரி இருந்தாலும் ஜன்னல் கண்ணாடி 10 டிகிரியில் இருந்தால், உடம்பின் சூடு அந்தப் பக்கமாகக் கதிர்வீசிப் போய்க்கொண்டே இருக்கும். கண்ணாடியை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கித் தரையோடு ஊர்ந்து வரும். "எங்கிருந்தோ காத்து வருது" என்று அவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பகலில் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்காரலாம். இருட்டத் தொடங்கியதும் திரையை இழுத்துவிட்டு நாற்காலியை உள்பக்கம் ஒரு மீட்டராவது நகர்த்துங்கள். காலுக்குக் கீழே ஒரு விரிப்பு போடுங்கள். ஹீட்டரை இரண்டு டிகிரி கூட்டுவதைவிட இது பலன் தரும், செலவும் இல்லை.

ஹீட்டர் வைக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் சூடாகிப் பிளாஸ்டிக் உருகும். சுவரில் உள்ள பிளக்கில் நேரடியாகவே செருக வேண்டும். திரை, போர்வை, சோபா எதுவும் ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. ஈரத் துணியை அதன்மேல் காயப் போடவே கூடாது.

கரி அடுப்பு, தணல் சட்டி, வெளியே வைக்கும் கேஸ் ஹீட்டர் எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் ஆபத்தானது. எரிவதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றுதான் தொடங்கும், சளிக் காய்ச்சல் என்று நினைத்துவிடுவோம். வீட்டில் இருக்கும் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் தெளிந்தால், இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடனே இருவரும் வெளியேறுங்கள், பிறகு அவசர உதவியைக் கூப்பிடுங்கள். எதையும் எரித்துச் சூடேற்றும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தே ஆக வேண்டும்.

நண்பர் வந்த பிறகு காலையில் ஜன்னலெல்லாம் நீர் வழிகிறதே?

ஆள் கூடினால் ஈரமும் கூடும். மூச்சிலும் வேர்வையிலும் ஒரு ஆள் தூங்கும் ஒவ்வொரு மணி நேரமும் சுமார் 40 கிராம் நீரைக் காற்றில் விடுகிறார். அதோடு இன்னும் ஒரு குளியல், இன்னும் ஒரு ஈரத் துண்டு. 20 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகக் கோத்துவிடும். கண்ணாடியில் கோப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கோப்பது தெரியாமல் பூஞ்சை பிடிக்கும்.

ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைப்பது தவறான வைத்தியம். சுவரெல்லாம் மெல்லச் சில்லிட்டுப் போகும். அதற்குப் பதில் எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். ஈரக் காற்று மொத்தமாக வெளியேறும். சுவரும் சாமான்களும் சூட்டை இழக்காததால் அறை சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். காலையில் ஒருமுறை, சமையல் முடிந்து ஒருமுறை. அந்த நேரத்தில் நண்பருக்கு ஒரு போர்வையும் சூடான டம்ளரும் கொடுத்து வேறு அறையில் உட்கார வையுங்கள்.

வீட்டில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் உதடு வெடிக்கும், மூக்கு உலர்ந்து எரியும்.

அவருக்குப் படுக்கை எப்படிப் போடுவது?

எல்லாரும் மேலே போர்த்துவதையே யோசிக்கிறார்கள். குளிர் கீழிருந்தும் வரும். படுத்தவரின் எடையில் மெத்தை அமுங்கும். அமுங்கிய இடத்தில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் சூடு தங்காது. தரையில் மெத்தை போட்டாலோ காற்றடைத்த மெத்தையானாலோ இன்னும் மோசம். காற்று மெத்தைக்குள் இருக்கும் காற்று அசைந்துகொண்டே இருந்து உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். எனவே இரண்டு போர்வை இருந்தால் ஒன்றை விரிப்புக்கு அடியில் போடுங்கள். அடியில் ஒன்றும் மேலே ஒன்றும் போட்டது, மேலே இரண்டு போட்டதைவிடக் கதகதப்பு.

மேலே கனமான ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது. நள்ளிரவில் வேர்த்தால் ஒன்றை உதறலாம். படுக்கையை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஒரு ஜோடி காலுறையைத் தலையணை மேல் வைத்துவிடுங்கள், பாதம் சூடானால் தூக்கம் சீக்கிரம் வரும்.

படுக்கையருகே கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை: சிறிய விளக்கு, மூடி போட்ட தண்ணீர், சார்ஜர், ஒரு கூடுதல் போர்வை. இருட்டில் கழிவறைக்கு வழி தெரிய நடைவழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். இவ்வளவும் இருந்தால் இரவு இரண்டு மணிக்கு அவர் உங்களை எழுப்ப வேண்டிய அவசியமே வராது.

வெந்நீர்ப் பை கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பழைய பையைத் தவிர. பெரும்பாலான ரப்பர் பைகளில் கழுத்துக்குக் கீழே பூ மாதிரி ஒரு வட்டம் அச்சாகியிருக்கும். நடுவில் இருக்கும் எண் தயாரித்த ஆண்டு. சுற்றியுள்ள பன்னிரண்டு இதழ்கள் மாதங்கள். இதழுக்குள் இருக்கும் புள்ளிகள் வாரங்கள். இரண்டு ஆண்டு ஓடிய பையை மாற்றிவிடுவது வழக்கம், ஏனென்றால் ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மடிப்பிலும் தையலிலும் இற்றுப்போயிருக்கும்.

கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். சில நிமிடம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, பையைச் சாய்த்துக் காற்றை வெளியேற்றி மூடியைத் திருகுங்கள். தலைகீழாகப் பிடித்து ஒரு சொட்டு வருகிறதா என்று பாருங்கள். உறை போட்டுப் படுக்கையின் நடுவில் இருபது நிமிடம் வைத்து, படுத்ததும் கால்மாட்டுக்குத் தள்ளச் சொல்லுங்கள், அல்லது எடுத்துவிடச் சொல்லுங்கள். 44 டிகிரிச் சூடுகூட ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துபோகும். அயர்ந்து தூங்குபவருக்கு அது உறைக்காது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குப் பை வேண்டாம், காலுறையே போதும்.

நாள் முழுக்க டீ போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வழி உண்டா?

பிளாஸ்க்கில் டீயை வைக்காமல் வெந்நீரை வையுங்கள். டீ உள்ளேயே கிடந்தால் கசந்துவிடும். பால் கலந்தது மெல்ல ஆறும்போது கெட்டும் போகும். பிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிநீரைக் கழுத்துவரை நிரப்புங்கள். அரைகுறையாக நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். பக்கத்தில் ஒரு தட்டில் இலை, வடிகட்டி, இரண்டு கோப்பை, கரண்டி. இனி யாருக்கு வேண்டுமோ அவர் போட்டுக்கொள்ளலாம்.

200 மில்லிக்கு 2 முதல் 2.5 கிராம் இலை. கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீர், மூன்று முதல் ஐந்து நிமிடம். பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 டிகிரி, இரண்டு நிமிடம். தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதித்த நீரை ஒரு கோப்பையிலிருந்து குளிர்ந்த இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் பத்து டிகிரி போல இறங்கும், இரண்டு முறை மாற்றினால் சரியாக இருக்கும். கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆவதால் மாலை நான்குக்குப் பிறகு வேறு ஏதாவது சூடாகக் குடியுங்கள்.

சமையலை எப்படிக் குறைப்பது?

ஒரே பாத்திரத்தில் கெட்டியான சூப். 150 கிராம் பருப்பு, 300 கிராம் நறுக்கிய காய், ஒரு லிட்டர் தண்ணீர், தொடக்கத்தில் 8 கிராம் உப்பு. நான்கு கிண்ணம் வரும், அதாவது இருவருக்கு இரண்டு வேளை. தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பைப் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு நறுக் நறுக்கென்றே இருக்கும். மீதத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் கல் மாதிரி இறுகியிருக்கும். கொதிநீர் விட்டுக் கரைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு உப்பை மறுபடி பாருங்கள்.

"நானும் ஏதாவது செய்கிறேன்" என்று அடுப்படியில் வந்து நிற்கிறார்.

"வேண்டாம், உட்காருங்கள்" என்று விரட்டாதீர்கள். "ஏதாவது செய்யுங்கள்" என்றும் விட்டுவிடாதீர்கள். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்: இந்தக் காயை நறுக்க வேண்டும், இந்தப் பட்டாணியை உரிக்க வேண்டும். முகம் பார்த்து உட்கார்ந்தால் வராத பேச்சு, கை வேலையில் இருக்கும்போது தானாக வரும்.

பேச்சு தீர்ந்துபோய் மௌனமாக உட்கார்ந்திருந்தால் சங்கடமாக இருக்காதா?

இரண்டாம் நாள் மதியம் இது வந்தே தீரும். பழைய கதைகள் ஒரு சுற்று முடிந்திருக்கும், புதுசாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. பதற்றத்தில் டிவியைப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மௌனம் சங்கடமாவது இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கும்போதுதான். நாற்காலிகளை ஒன்றுக்கொன்று பக்கவாட்டில், ஒரே ஜன்னலைப் பார்த்தபடி போட்டுப் பாருங்கள். கண் வைக்க ஓர் இடம் கிடைத்துவிடும், பிறகு பேசாமல் இருப்பது பெரிய விஷயமாகத் தெரியாது.

தனியாக இருக்க வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், நேரத்தோடு: "நான் நாலு மணி வரை படிக்கப் போகிறேன்." மணி சொல்லாமல் எழுந்து உள்ளே போனால் வந்தவர் "கோபமோ, களைப்போ" என்று யோசிக்கத் தொடங்குவார். நீங்கள் சொல்லிவிட்டால் அவருக்கும் அதே உரிமை கிடைக்கிறது.

ஒன்றாகச் செய்ய என்ன இருக்கிறது?

எழுந்துபோனாலும் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரக்கூடிய வேலைகள்தான் இதற்கு ஏற்றவை. ஜெயிப்பது தோற்பது உள்ள விளையாட்டு அரை மணிக்கு நன்றாக இருக்கும், நாள் முழுக்கத் தாங்காது.

படப்புதிர் நல்ல தேர்வு. 1000 துண்டுப் புதிர் முடிந்தால் பொதுவாக 50-க்கு 70 செ.மீ. வரும். அதைவிடச் சற்றுப் பெரிய அட்டைப் பலகைமேல் தொடங்குங்கள், சாப்பாட்டு நேரத்தில் அப்படியே தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளலாம். நேர்விளிம்புத் துண்டுகளை முதலில் பொறுக்குங்கள், மீதியை நிறவாரியாகத் தட்டுகளில் பிரியுங்கள். விளிம்பு நான்கு பக்கமும் சேராமல் ஒரு துண்டு மிஞ்சினால், எங்கோ ஒரு தவறான துண்டு பொருந்தியதுபோல் உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசையை மெல்லத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடியுங்கள், தப்பாகச் சேர்ந்த இணைப்பில் மட்டும் மயிரிழை வெளிச்சம் கசியும். வானம் போல ஒரே நிறமாக இருக்கும் பகுதியைக் கடைசியில் வைத்து, நிறத்தை மறந்துவிட்டுத் துண்டின் வடிவத்தை மட்டும் பாருங்கள்: எத்தனை மூக்கு, எத்தனை பள்ளம் என்று பிரித்தால் தேடல் வேகமாகும்.

வாய்விட்டுப் படிப்பதும் உண்டு. பத்துப் பதினைந்து பக்கச் சிறுகதை சரியான அளவு, அரை மணிக்குள் முடியும். கதை முடிந்ததும் படிப்பவர் மாற வேண்டும், இல்லையென்றால் தொண்டை கட்டும். கேட்பவர் தூங்கிவிட்டால் கடைசியாகத் தலையாட்டிய இடத்தில் ஒரு காகிதத்தைச் செருகி வையுங்கள்.

பழைய போட்டோக்களைப் பிரித்து அடுக்குவது, இருவருக்கும் பொதுவான காலம் இருந்தால் மிகச் சுவையானது. ஒரு அமர்வுக்கு நூறு படம் போதும். படத்தை விளிம்பில் பிடியுங்கள். பெயரும் இடமும் பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், கண்ணாடி போன்ற கடினப் பரப்பின்மேல் வைத்து எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். பின்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக் தாளாக இருந்தால் பென்சில் பிடிக்காது, உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள்.

போன்?

தடை போட வேண்டாம். சார்ஜ் போடும் இடத்தைக் கூடத்தில் இல்லாமல் நடைவழியில் வையுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெளியே போகவே வேண்டாமா?

நடுப்பகலில் இருபது முப்பது நிமிடம் போங்கள். மேகம் மூடிய பகலிலும் வெளிச்சம் வெளியே ஆயிரம் லக்ஸைத் தாண்டும். வீட்டு விளக்கில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். பகல் வெளிச்சம் கண்ணில் படாத நாளில் உடம்புக் கடிகாரம் தடுமாறும், மதியமெல்லாம் மந்தமாகவும் நள்ளிரவில் விழிப்பாகவும் இருக்கும். கிளம்புமுன் சூப்பை மிகச் சிறு தீயில் வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம், அடுப்பை அணைத்துவிட்டே போங்கள். மாலையில் கூரை விளக்கை அணைத்து, 2700 கெல்வின் மஞ்சள் விளக்குகள் இரண்டைத் தாழ்வாக வையுங்கள். படிப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று வரட்டும்.

இருவருக்கும் குளிக்க வெந்நீர் போதவில்லை.

சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் போலச் செலவழிக்கும், எட்டு நிமிடத்தில் 60 லிட்டரைத் தாண்டிவிடும். உங்கள் டேங்க்கின் அளவைப் பார்த்துக்கொண்டு இருவர் குளியலுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். முதல் முறை அவர் குளிக்கட்டும்.

வரும் அன்று அவருக்குச் சளி என்றால்?

காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள், இருவருக்கும் நல்லது. சாதாரணச் சளி முதல் இரண்டு மூன்று நாள்தான் அதிகமாகத் தொற்றும். வந்தேவிட்டார் என்றால் துண்டும் டம்ளரும் தனி, கதவுப்பிடிகளைத் துடைப்பது, ஜன்னல் திறப்பதை இரண்டிலிருந்து நான்கு முறையாக்குவது.

கிளம்பும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

காலையில் பெரிய வேலை எதுவும் வைக்காதீர்கள். பிளாஸ்க்கில் வழிக்கு வெந்நீர் நிரப்பிக் கொடுங்கள். அவர் போன பிறகு படுக்கையை உடனே மடிக்க வேண்டாம். போர்வைகளை விலக்கிவிட்டு ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்து, மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து, நாள் முழுக்கக் காய விடுங்கள். நான்கு இரவின் ஈரம் அதில் இருக்கிறது. படப்புதிர் முடியாமல் நின்றிருந்தால் அதைக் கலைக்காதீர்கள். மேலே ஒரு அட்டையை வைத்து இரண்டு பலகையையும் நாடாவால் கட்டிப் பீரோவுக்கு மேல் தட்டையாக வையுங்கள். சேராத துண்டுகளை ஒரு பையில் போட்டு அதன்மேல் தேதியை எழுதிவிடுங்கள்.